பிட்டுக்குப் பின்னால் இருப்பது பயமே!

("தேர்வில் மாணவர்கள் காப்பி அடிப்பதற்குப் பெரிதும் காரணம் பேராசையா? பயமா?" என்ற பட்டிமன்றத்தில் 'பயமே' என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே பேராசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் அன்பு நண்பர்களே! என் அணிச் சகோதரர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை "உள்ளே போய்ப் படி" என்று விரட்டிவிட்டு, டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "நோகாம நுங்கு தின்ன ஆசைப்படுறான், அதனாலதான் காப்பி அடிக்கிறான்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நான் கேட்கிறேன், பிட் எழுதுவது நோகாத வேலை என்று உங்களுக்கு யாருங்க சொன்னது? தீப்பெட்டி அளவு காகிதம். அதில் கடுகு கடுகாக எழுத்து. ராத்திரி ரெண்டு மணி வரை முழித்து எழுதி, எட்டா மடித்து, எந்தப் பிட் எந்த மடிப்பில் இருக்கிறது என்று இன்னொரு பிட் எழுதி வைத்துக்கொண்டு வருகிறான். அந்த நேரத்தில் பாடத்தைப் படித்திருந்தால் பாஸாகியிருப்பான்! (சிரிப்பு)

சிரிச்சாச்சு. இப்போ கொஞ்சம் யோசிப்போம். பாஸாகப் போதுமான நேரத்தைப் பிட் எழுதச் செலவழிக்கிறான் என்றால், அவன் உழைக்கச் சோம்பல்பட்டவனா? இல்லீங்க. தன் மூளையை நம்பப் பயப்படுகிறவன்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் ஒரு சரித்திர டீச்சர். முப்பத்தோரு வருஷம் சாக்பீஸ் தூளைச் சாப்பிட்டவள். மனசைப் பற்றிப் பேசச் சொன்னாலும் எனக்குச் சரித்திரம் வழியாகத்தான் பேச வரும். அதனால் உங்களைக் கொஞ்சம் தூரம் கூட்டிக்கொண்டு போகிறேன், சீனாவுக்கு. ஏன் சீனா? அரசாங்க உத்தியோகத்துக்குப் போட்டித் தேர்வு வைப்பதை ஒரு பெரிய ஏற்பாடாகவே உலகத்துக்குக் காட்டிய நாடு அதுதான். சூயி வம்சத்துக் காலத்தில், இன்றைக்குச் சுமார் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. 1905-இல்தான் நிறுத்தினார்கள். ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு வருஷம் ஒரு தேசமே பரீட்சை எழுதியிருக்கிறது.

நான்ஜிங் நகரத்தில் ஒரு தேர்வுக்கூடம். இப்போது அது அருங்காட்சியகம். அந்தக் காலத்தில் அங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. அறை என்றால் நம் வீட்டுப் பூஜையறை அளவுகூட இல்லை. ஒரு ஆள் கை காலை நீட்ட முடியாத பொந்து. ரெண்டு பலகை கொடுப்பார்கள். ஒன்றில் உட்கார வேண்டும், இன்னொன்றில் வைத்து எழுத வேண்டும். ராத்திரியில் ரெண்டையும் சேர்த்துப் போட்டால் அதுதான் கட்டில். சோறு, தண்ணீர், விளக்கு, மூத்திரச் சட்டி எல்லாம் கையோடு கொண்டு போக வேண்டும். மாகாணத் தேர்வு மூன்று கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ராத்திரியும் பகலும் உள்ளேயேதான். வாசல் கதவைப் பூட்டினால் தேர்வு முடிகிறவரைக்கும் திறக்க மாட்டார்கள். உள்ளே ஒருவர் செத்துப் போனால்கூடக் கதவைத் திறக்காமல், பாயில் சுருட்டிச் சுவருக்கு மேலே வெளியே போட்டுவிடுவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கே காப்பி இருந்ததா? ஐயோ, நம்ம பையன்கள் அவர்களிடம் டியூஷன் போக வேண்டும்! (சிரிப்பு) பட்டு உள்சட்டை முழுக்க, எறும்பு ஊர்ந்த மாதிரி, சாஸ்திர நூல்களை எழுதி உள்ளே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தச் சட்டைகளை இன்றைக்கும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆள் மாறாட்டம் நடந்தது. தேர்வாளருக்கு லஞ்சம் நடந்தது.

அரசாங்கம் சும்மா இருந்ததா? வாசலில் சோதனை. கொண்டு வந்த பலகாரத்தைக்கூடப் பிட்டுப் பார்ப்பார்களாம், உள்ளே பிட் இருக்கிறதா என்று! (சிரிப்பு) விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டினார்கள். அதுவும் போதவில்லை. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களே? அதனால் மாணவன் கறுப்பு மையில் எழுதியதைக் குமாஸ்தாக்கள் சிவப்பு மையில் அப்படியே பார்த்து எழுதினார்கள். திருத்துகிறவர் கைக்கு அந்தச் சிவப்புத் தாள்தான் போகும். தண்டனை எவ்வளவு தூரம் போனது தெரியுமா? 1858-இல் பெய்ஜிங்கில் நடந்த தேர்வில் முறைகேடு. தலைமைத் தேர்வாளர் போ ஜுன். சாமானியர் அல்ல, அரசவையின் மிக உயர்ந்த மந்திரிகளில் ஒருவர். 1859-இல் அவருடைய தலையையே வெட்டினார்கள்.

என் கேள்வி இதுதான். மந்திரி தலை போன பிறகாவது காப்பி நின்றதா? நிற்கவில்லை! ஏன் நிற்கவில்லை? மாகாணத் தேர்வில் தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான். தேறினால் உத்தியோகம், கௌரவம், ஊரே எழுந்து நிற்கும். ஆரம்பப் படியைத் தாண்டினாலே கட்டாய உடலுழைப்பு கிடையாது, சவுக்கடி கிடையாது. தேறாவிட்டால்? தாத்தாவாகிற வரைக்கும் மறுபடி மறுபடி எழுத வேண்டியதுதான். பேரனும் தாத்தாவும் ஒரே தேர்வு எழுதுகிற தேசம் அது. இந்தப் பக்கம் மலை உச்சி, அந்தப் பக்கம் பாதாளம், நடுவில் ஒரு விடைத்தாள். அந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்தவனுக்கு வருவது ஆசையா, நடுக்கமா?

அந்த நடுக்கம் மனசை என்ன செய்யும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. அவர் பெயர் ஹோங் சியூசுவான். ஏழைக் கிராமத்துப் பையன். நல்ல படிப்பாளி. குடும்பமே அவரை நம்பிப் படிக்க வைத்தது. அவர் காப்பி அடித்தார் என்று நான் சொல்லவில்லை. தேர்வில் தோற்றார், அவ்வளவுதான். 1837-இல் மூன்றாவது தடவையும் தோற்றபோது படுத்த படுக்கையானார். பல நாள் பிதற்றல், ஏதேதோ காட்சிகள். 1843-இல் நாலாவது தோல்வி. அதற்குப் பிறகு தன்னை ஏசுநாதரின் தம்பி என்று நம்ப ஆரம்பித்தார். கூட்டம் சேர்ந்தது. 1850 முதல் 1864 வரை நடந்த தைப்பிங் கலகம் அதுதான். குறைந்தது இரண்டு கோடிப் பேர் செத்திருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். கலகத்துக்குப் பசி, பஞ்சம், ஆட்சிக் கொடுமை என்று ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் தலைவன் பிறந்த இடம் ஒரு தேர்வுத் தோல்வி. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அவர் 1853-இல் பிடித்துத் தன் தலைநகரமாக்கிய ஊர் எது? அதே நான்ஜிங்! பிடித்ததும் என்ன செய்தார்? அவரும் ஒரு பரீட்சை வைத்தார்! (சிரிப்பு, கைதட்டல்)

"அம்மா, சீனாவில் நடந்ததுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நடுவர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது ஐயா. உத்தியோகத்தைச் சிபாரிசில் கொடுக்காமல் தேர்வு வைத்துக் கொடுக்கலாமா என்று இங்கிலாந்தில் விவாதம் நடந்தபோது, அங்கே அடிபட்ட உதாரணம் சீனா. 1855-இல் இந்திய சிவில் சர்வீஸுக்கு லண்டனில் போட்டித் தேர்வு ஆரம்பமானது. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊரிலும் பல்கலைக்கழகம் வந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தார்கள். பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. தேர்வு நடத்துவதும் பட்டம் கொடுப்பதும்தான் பல்கலைக்கழகத்தின் முதல் வேலை. அதாவது நம்ம ஊருக்கு நவீனக் கல்வி வந்தபோதே பரீட்சையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டுதான் வந்தது. "பி.ஏ. ஃபெயில்" என்பதையே பெயருக்குப் பின்னால் பெருமையாகப் போட்டுக்கொண்டவர்கள் இருந்த நாடு இது. ஃபெயிலுக்கே அந்த மதிப்பு என்றால், பாஸுக்கு எவ்வளவு ஏக்கம், எவ்வளவு பயம் இருந்திருக்கும்!

எதிரணி நண்பர் இன்னொன்றும் சொன்னார். "நல்ல பிள்ளை எந்தச் சூழ்நிலையிலும் நல்ல பிள்ளை. கெட்ட பிள்ளைதான் காப்பி அடிக்கும்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதை ஒருவர் சோதித்தே பார்த்துவிட்டார். ஒருவர் அல்ல, இரண்டு பேர். அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு அறிஞர்கள் ஏறத்தாழ பதினோராயிரம் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆராய்ந்து 1928-இல் புத்தகமாகப் போட்டார்கள். எப்படிச் சோதித்தார்கள்? பிள்ளைகள் எழுதிய தாளை வாங்கி, ரகசியமாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறுபடி தாளைப் பிள்ளைகளிடமே கொடுத்து, சரியான விடையையும் கையில் கொடுத்து, "நீங்களே மார்க் போடுங்க" என்பார்கள். யார் விடையை மாற்றினார்கள் என்பது நகலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இதே மாதிரி விளையாட்டில், வீட்டுப் பாடத்தில் என்று பல சோதனை.

என்ன தெரிந்தது? "யோக்கியன்", "அயோக்கியன்" என்று பிள்ளைகளை இரண்டு வரிசையில் நிறுத்தவே முடியவில்லை! கணக்கில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டில் நேர்மையாக இருந்தது. விளையாட்டில் ஏமாற்றியது பரீட்சையில் நேர்மையாக இருந்தது. கூட இருக்கிற வகுப்பு எப்படி என்பதைப் பொறுத்துப் பிள்ளை மாறியது. நீதி போதனை வகுப்புக்குப் போனதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே நண்பரே, பேராசைக்காரன் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு எந்தப் பிள்ளையும் ஹாலுக்குள் வருவதில்லை. நம்ம வீட்டுப் பிள்ளையும் பயந்தால் திரும்பிப் பார்க்கும், நண்பர் வீட்டுப் பிள்ளையும் பயந்தால் திரும்பிப் பார்க்கும். (கைதட்டல்)

"முதல் தடவை பயம் என்றே வைத்துக்கொள்வோம், திரும்பத் திரும்பச் செய்கிறானே, அது பேராசை இல்லையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது. 1958-இல் ஜட்சன் மில்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், காப்பி அடிப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று முதலில் கேட்டுக்கொண்டார். பிறகு ஏமாற்ற வாய்ப்புள்ள ஒரு போட்டி வைத்தார். மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். ஏமாற்றிய பிள்ளைகளுக்கு இப்போது அது "அவ்வளவு பெரிய தப்பில்லை." ஆசையை அடக்கிக்கொண்ட பிள்ளைகளுக்கு முன்னைவிடப் பெரிய தப்பு! பார்த்தீங்களா மனசு செய்கிற வேலையை? முதல் தடவை பயம் பிடித்துத் தள்ளுகிறது. அடுத்த தடவை, "எல்லாரும்தான் செய்யறாங்க, நான் செஞ்சா என்ன?" என்ற சமாதானம் தள்ளுகிறது. அதனால்தான் சொல்கிறேன், அந்த முதல் தடவையைத் தடுக்க வேண்டும். முதல் தடவைக்கு வேர் பயம்.

"சட்டத்தைக் கடுமையாக்கு, சரியாகிவிடும்" என்றார்கள். அதையும் பார்த்தாகிவிட்டது. 1992-இல் உத்தரப் பிரதேசத்தில் காப்பி தடுப்புச் சட்டம் வந்தது. காப்பி அடித்தால் ஜாமீன் கிடையாது. பிள்ளைகளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்த வருஷம் அங்கே பத்தாம் வகுப்பில் தேறியவர்கள் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேர்தான். "பார், சட்டம் வேலை செய்கிறது" என்பார் நண்பர். நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். ஊன்றுகோலைப் பிடுங்கியதும் எண்பத்தைந்து பேர் விழுந்தார்கள் என்றால், அந்தக் கால்களுக்கு வருஷம் பூராவும் யார் வைத்தியம் பார்த்தார்கள்? பாடமே சரியாக நடக்காத பள்ளிக்கூடத்துப் பிள்ளை எதை நம்பி ஹாலுக்குள் வரும்? அடுத்து வந்த ஆட்சி அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது. நோய் அங்கேயேதான் இருந்தது.

2015 மார்ச் மாதம் பீகாரில் எடுத்த ஒரு படத்தை உலகமே பார்த்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கிறது. மாடிக் கட்டடத்தின் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஆட்கள் ஜன்னல் வழியாகப் பிட் கொடுக்கிறார்கள். யார் அவர்கள்? பெற்றோர், உறவினர், நண்பர்கள்! எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. கை வழுக்கினால் எலும்பு மிஞ்சாது. அந்த உயரத்தில் ஒரு மனுஷனை ஏற வைத்தது பேராசையா? "நான் பட்ட பாடு என் பிள்ளையும் படக்கூடாதே" என்ற பயம் ஐயா அது! தப்பான வழிதான். ஆனால் பயம். (கைதட்டல்)

நான் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் பேராசைக்காரர்கள் இருக்கிறார்கள். வினாத்தாளைத் திருடி விலைக்கு விற்கிறவன் பேராசைக்காரன். ஆளை அனுப்பி எழுத வைத்துக் கமிஷன் வாங்குகிறவன் பேராசைக்காரன். 2024-இல் மத்திய அரசு கொண்டு வந்த பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் கூட்டுச் சதிக்குப் பத்து வருஷம் வரை சிறை, ஒரு கோடிக்குக் குறையாத அபராதம் என்கிறது. அந்தச் சட்டத்தின் குறி தேர்வு எழுத வந்த பிள்ளை மேல் இல்லை, கும்பல் மேல்தான். சட்டத்துக்குப் புரிந்த வித்தியாசம் எதிரணிக்குப் புரியவில்லையே! விற்கிறவனுக்குப் பேராசை. வாங்குகிறவனுக்குப் பயம். இன்றைய தலைப்பு மாணவனைப் பற்றியது! (நீண்ட கைதட்டல்)

கடைசியாக ஒன்று. இதை நான் மேடையில் சொன்னதில்லை.

பல வருஷத்துக்கு முன்னால், பத்தாம் வகுப்பு அரைப் பரீட்சை. சமூக அறிவியல். நான்தான் ஹால் சூப்பர்வைசர். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். அமைதியான பிள்ளை. அன்றைக்கு இடது கையை மூடியபடியே வைத்திருந்தாள். போய் விரிக்கச் சொன்னேன். உள்ளே ஒரு பிட். வேர்வையில் நனைந்து பிசுபிசு என்று இருந்தது. "1857 பெருங்கிளர்ச்சியின் காரணங்கள்." "பாக்கலை டீச்சர், கையில வெச்சிருந்தா தைரியமா இருக்கும்னுதான்" என்றாள். நான் நம்பவில்லை. எந்த டீச்சர் நம்புவார்? எழுப்பி, வராந்தாவில், எல்லோரும் போகிற வழியில் அரைமணி நேரம் நிற்க வைத்தேன். மற்ற வகுப்புப் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். விதிப்படிதான் செய்தேன் என்று எனக்குத் திருப்தி.

ராத்திரி வீட்டில் தாள் திருத்த உட்கார்ந்தேன். அவள் தாளும் வந்தது. பிட்டில் இருந்தது ஆறு காரணம். அவள் எழுதியிருந்தது எட்டு. பிட்டில் இருந்தது நோட்ஸ் வாசகம். தாளில் இருந்தது அவளுடைய சொந்த வாசகம். அந்தக் கை கடைசி வரைக்கும் விரியவே இல்லை, நடுவர் அவர்களே! அது பிட் இல்லை. தாயத்து! பயந்த பிள்ளை கையில் கட்டிக்கொண்ட தாயத்து.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா திண்ணையிலேயே சொல்லிவிட்டார்: "போதும் டீச்சர். ஊரே பேசுது. பொட்டப் பிள்ளை படிச்ச வரைக்கும் போதும்." தாளை எடுத்துப் போய்க் காட்டினேன். "இவ பாக்காம எழுதினவங்க" என்றேன். மூன்று தடவை போனேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கதவுக்குப் பின்னால் அவள் நிற்பது தெரிந்தது. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் படிப்பு எதனால் நின்றது? அந்தக் காகிதத்தாலா? நான் நிற்க வைத்த அந்த அரைமணி நேரத்தாலா? பயந்த பிள்ளைக்கு நான் என்ன கொடுத்தேன்? இன்னும் கொஞ்சம் பயம் கொடுத்தேன். சீன அரசாங்கம் செய்ததையேதான் நானும் ஒரு வராந்தாவில் செய்தேன்.

நான் காப்பியை நியாயப்படுத்த வரவில்லை. தப்பு தப்புதான். பார்த்து எழுதிய தாளுக்கு மார்க் போடச் சொல்லவில்லை. ஆனால் டீச்சர்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தாளை ரத்து பண்ணுங்க, பிள்ளையை ரத்து பண்ணாதீங்க! (கைதட்டல்) தனியாகக் கூப்பிட்டு, "எந்தப் பாடம்மா உனக்குப் பயமா இருக்கு?" என்று கேளுங்க. தாய்மார்களே, தகப்பன்மார்களே, பிள்ளை பரீட்சை முடிந்து வாசல்படி ஏறும்போதே "எத்தனை வரும்?" என்று கேட்காதீங்க. "சாப்பிட்டியா?" என்று கேளுங்க. குறைந்த மார்க்கோடு வந்தாலும் இந்த வீட்டில் சோறு உண்டு, இடம் உண்டு என்று தெரிந்த பிள்ளைக்குத் தாயத்து தேவைப்படாது.

ஆயிரத்து முந்நூறு வருஷம் சுவரை உயர்த்திப் பார்த்தார்கள், கதவைப் பூட்டிப் பார்த்தார்கள், தலையை வெட்டிப் பார்த்தார்கள். பயத்தைக் குறைத்துப் பார்த்தவர்கள் குறைவு. அதையும் ஒருமுறை செய்து பார்ப்போமே! மணி அடித்துவிட்டார்கள். தேர்வு ஹாலில் மணி அடித்த பிறகு எழுதினால் அதுவும் முறைகேடுதான். (சிரிப்பு)

ஆகவே நடுவர் அவர்களே, மாணவன் காப்பி அடிக்கப் பெரிதும் காரணம் பயமே, பயமே என்று நல்ல தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)